ஐசலினா கொலோனியாவா?

நியூ ஜெர்சில வீடு பாக்குறவங்களுக்கு இந்த ரெண்டு ஊரும் பக்கத்து பக்கத்துல தான், ரெண்டுக்கும் தனி மேயர் கிடையாது, உட்பிரிட்ஜ் டவுன்ஷிப்ங்கிற நகராட்சி தான் போலீஸ், ஸ்கூல் எல்லாம் பாத்துக்குது. ஆனா ஐசலின் ஓக் ட்ரீ ரோடு இருக்கே, சேலை கடை நகைக்கடை சாட் கடைனு குஜராத்தி, பஞ்சாபி, தெலுங்கு எல்லாம் காதுல விழும், நம்மாளுங்களுக்கு தோசையும் கிடைக்கும், வீக்கெண்ட்ல பார்க்கிங் தேடியே பாதி உசுரு போயிரும். 1971ல தொறந்த மெட்ரோபார்க் ஸ்டேஷனும் இங்க தான், நியூயார்க்குக்கு நேர் ட்ரெயின். கொலோனியால ட்ரெயின் நிக்காது, மரம், தனி வீடு, கோல்ஃப் கிளப், அமைதி. கார் இல்லாதவங்க ஐசலினே பாருங்க, நான்னா கொலோனியால தூங்கிட்டு ஐசலின்ல சாப்பிடுவேன்.