ராமிப்ரில்: பிரஷர் இறங்குச்சு, இருமல் ஏறுச்சு
அப்பாவுக்கு பிரஷருக்குன்னு டாக்டர் எழுதிக்கொடுத்த ராமிப்ரில் 5 மி.கி., விலையும் கம்மி, வேலையும் சுத்தம். ஆனா இந்த வறட்டு இருமல் இருக்கே, சளியே கிடையாது, தொண்டைல நமநமன்னு, ராத்திரி தலைகாணில சாஞ்சா போதும் ஆரம்பிச்சுடும். எல்லாம் பிராடிகைனின்னு நம்ம உடம்புலயே உருவாகற ஒரு பொருளோட வேலை. அது ரத்தக்குழாயோட உள்சுவர்ல நைட்ரிக் ஆக்சைடை கிளப்பிவிட்டு குழாயை விரிய வைக்கும், அதை உடைக்கிற ஏசிஇ என்சைமைத்தான் இந்த மாத்திரை தடுக்குது, அதனால பிராடிகைனின் உடையாம தங்கிடுது, பிரஷருக்கு லாபம், நுரையீரல் பக்கம் சேர்ந்தா இருமல் இலவசம். உதடு, நாக்கு வீங்கினா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, குழாய்ல இருந்து நீர் கசியறதால வர்ற வீக்கம் அது, மூச்சையே அடைச்சிடும். டாக்டர் இப்ப டெல்மிசார்டன்ங்கிற வேற பிரஷர் மாத்திரைக்கு மாத்திட்டாரு, அது பிராடிகைனினை அவ்வளவா தொடாதாம், இருமல் அடங்க சில வாரம் பிடிச்சுது.