அரிக்கமேட்டு ஆற்றங்கரை: கான்கிரீட் சுவரா, அலையாத்தி வேலியா?

புதுச்சேரிக்கு அருகே, பழங்கால வணிகத் துறைமுகம் இருந்த அரிக்கமேட்டில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையைச் செம்மைப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கான்கிரீட் சுவர் எழுப்பி, அதன்மேல் நடைபாதையும் விளக்குகளும் அமைப்பது. மற்றொன்று, கரைச்சேற்றில் உப்புநீரைத் தாங்கி வளரும் அலையாத்தி (மாங்குரோவ்) மரங்களை வளரவிட்டு, மேட்டைத் தோண்டாமல் தரைமேல் பொருத்திய மரப்பாதை ஒன்றை மட்டும் போடுவது.

முதல் வழியில் முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருவோரும் எளிதாக ஆற்றைக் காணலாம். இதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால், 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளையும் அரெட்டைன் எனப்படும் இத்தாலியச் செந்நிற மட்கலங்களையும் வெளிக்கொணர்ந்த இந்த மண்ணில், சுவருக்கு அடித்தளம் தோண்டினாலே எஞ்சியிருக்கும் சான்றுகள் சிதைந்துவிடும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைச் சட்டமும் தடுக்கிறது.

அலையாத்தி வேறு விதமாக வேலை செய்கிறது. நீர் வடிந்த வேளையில் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தடியில் குனிந்து பார்த்தால், விரல் பருமனில் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களுக்கிடையே வண்டல் படிந்திருப்பதையும், அதில் நண்டுகள் வளை தோண்டியிருப்பதையும் காணலாம். அந்த வேர்ப்பின்னல்தான் கரையின் அரிப்பைக் குறைத்து, இறால் குஞ்சுகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் ஒதுங்க இடம் தருகிறது. மரங்கள் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆகும். வேர்களில் சிக்கும் நெகிழியை அள்ளுவதற்கு நிரந்தரமாக ஆட்கள் வேண்டும்.

இருந்தும் நான் இரண்டாவதையே தேர்வேன். மரப்பாதையைச் சக்கர நாற்காலி செல்லும் அகலத்தில் அமைத்து, சிறு படகுகளில் மக்களை அழைத்து வரலாம்.