கலியாண வீட்டு இறுவட்டுகளுக்கு எம்கேவி: பல வருடப் பாவனைக்குப் பின்

கிளிநொச்சியில் எங்கள் அலுமாரியில் உள்ள இறுவட்டுகள் பெரும்பாலும் 2009க்குப் பின் எடுத்தவை. அதற்கு முந்தியவை இடப்பெயர்வோடு போய்விட்டன. சிலவற்றின் பிரதிகள் மட்டும் வெளிநாட்டு உறவினரிடமிருந்து திரும்பி வந்தன. ஆகவே எந்த வடிவத்தில் பிரதி எடுப்பது என்பது எனக்குச் சின்ன விடயம் அல்ல. பல வருடங்களாக எம்கேவி (MKV) என்ற காணொளிக் கோப்பு வடிவத்தைப் பாவிக்கிறேன். இனியும் அதைத்தான் பாவிப்பேன்.

டிவிடியில் இருப்பது எம்பெக்-2 காணொளி. நமது பால் (PAL) தொலைக்காட்சி முறையில் 720க்கு 576 புள்ளிகள். மேக்எம்கேவி மென்பொருள் அதைத் திரும்பச் சுருக்காமல் அப்படியே எடுத்து எம்கேவி கோப்பில் வைக்கிறது. கோப்பு பெரிதுதான். ஆனால் ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபியைத் தாண்டாது. ஒரு டெராபைட் வன்தட்டில் இருநூறுக்கு மேல் அடங்கும். இந்த இடத்தை மிச்சம் பிடிக்கத்தான் முன்பு பலர் எக்ஸ்விட் முறையில் மேலும் சுருக்கி ஏவிஐ கோப்பாக ஆக்கினார்கள். ஒரே கலியாணத்தின் இரு பிரதிகளும் என்னிடம் உண்டு. ஏவிஐயில் கூறைச் சேலையின் சரிகை கட்டம் கட்டமாக உடைகிறது. ஆள் அசைந்தால் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள். டிவிடிப் படம் பெரும்பாலும் ஒன்றுவிட்டொரு வரியாகப் பதிவானது. அதைக் கவனியாமல் சுருக்கினால் அந்தக் கோடுகள் படத்தோடு ஒட்டிவிடும், பிறகு சரியாக நீக்க முடியாது. எம்கேவி பிரதியில் பார்க்கும் நேரத்தில் விஎல்சி என்ற காணொளி இயக்கி அவற்றைச் சமாளிக்கிறது.

எம்கேவி யாருக்கும் கட்டுப்படாத திறந்த வடிவம். 2002இல் தொடங்கியது, 2024இல் ஆர்எப்சி 9559 என்ற இணையத் தர ஆவணமாகவும் வெளிவந்தது. ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும், அந்த ஆவணத்தைப் படித்து வேறொருவர் இயக்கி எழுதலாம். எனக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

தரம் இழக்காமல் சுருக்கும் எப்எப்வி1 (FFV1) முறை நல்லதா என்று சிலர் கேட்கிறார்கள். விஎச்எஸ் நாடாவைக் கணினிக்கு மாற்றுவோருக்கு அது அருமையானது. டிவிடிக்கு வேண்டாம்: ஏற்கெனவே சுருங்கிய படத்தைப் பல மடங்கு ஊதிப் பெரிதாக்குவீர்கள், தரம் ஒரு துளியும் கூடாது.

குறைகளும் உண்டு. டிவிடியின் முகப்புப் பட்டியல் எம்கேவிக்கு வராது. அது வேண்டியவர்கள் முழு இறுவட்டையும் ஒரே கோப்பாக்கும் ஐஎஸ்ஓ பிரதியும் எடுக்க வேண்டும். சில தொலைக்காட்சிகள் யுஎஸ்பியில் இந்தக் கோப்பைத் திறப்பதில்லை. அதற்காக எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். அம்மாவின் பழைய கைபேசியிலும் ஓடுகிறது. அதற்குப் பின் வந்த எச்.265 முறை இடத்தை இன்னும் குறைக்கும், ஆனால் அந்தக் கைபேசியில் திக்கித் திக்கி ஓடுகிறது. பார்க்கும் பிரதி தொலைந்தால் மூலத்திலிருந்து மீண்டும் செய்யலாம்.

ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புக் குறியீடு எழுதி வைக்கிறேன்; கோப்பு சிறிது மாறினாலும் அந்தக் குறியீடு மாறிவிடும். ஒரு வன்தட்டு இங்கே, மற்றது வவுனியாவில் அக்கா வீட்டில். அக்கா வரும்போது இரண்டையும் ஒப்பிடுகிறோம்.

வீட்டில் டிவிடிக்கு முந்திய காணொளி இறுவட்டான வீசீடி (VCD) இருந்தால் டிவிடிகளுக்கு முன்பே அவற்றை எடுங்கள். வீசீடியின் காணொளிப் பகுதியில், தரவு இறுவட்டுகளில் உள்ள மேலதிகப் பிழைதிருத்தம் இல்லை. எழுதும் இறுவட்டின் சாயமோ வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெடுவது. வன்னியின் வைகாசி வெயில் இன்னும் கடுமை. கீறல் விழுந்த டிவிடியில் டிடிரெஸ்கியூ (ddrescue) என்ற மீட்பு மென்பொருள் கொண்டு மீட்கக்கூடிய அளவு, வீசீடியில் மீட்க முடிவதில்லை.