வாசித்தது புரிந்ததா? ஒன்பதாம் வகுப்பில் நான் பயன்படுத்திவரும் ஆங்கிலச் சோதனைகள்

“மொக்கிலான் குரட்டியில் நெவிந்தான்.”

மொக்கிலான் எங்கே நெவிந்தான் என்று கேட்டால் ‘குரட்டியில்’ என்பீர்கள். குரட்டியில் நெவிந்தது யார் என்றால் ‘மொக்கிலான்’. இரண்டும் சரியான விடை, முழு மதிப்பெண். மொக்கிலான் ஆளா ஆடா என்பதோ, நெவிவது என்றால் என்ன என்பதோ உங்களுக்கும் தெரியாது, எழுதிய எனக்கும் தெரியாது. ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்துக் கீழே நான்கைந்து கேள்வி கேட்கும் தேர்வில் என் மாணவர்கள் பலர் மதிப்பெண் வாங்கும் வழி இதுதான். கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பத்தியில் தேடுவார்கள். அது அகப்படும் வரியை அப்படியே விடைத்தாளில் இறக்கிவிடுவார்கள். விடை சரியாக இருக்கும். திருத்துகிறவர் டிக் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வாசிப்புத் திறனைச் சோதிக்கப் பல ஆண்டுகளாகச் சில முறைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்திவருகிறேன். எதுவும் நான் கண்டுபிடித்தது இல்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒரு பிரியடு நாற்பது சொச்சம் நிமிடத்தில் முடிந்துவிடும் நிலையில், எது தாங்கியது, எது எதைக் காட்டிக்கொடுத்தது என்று மட்டும் எழுதுகிறேன். இந்த வேலையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘இவனுக்கு இங்கிலீஷ் வராது’ என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன. எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்க வராமல் இருக்கலாம். சொல்லாக்க வந்தும் பொருள் தெரியாமல் இருக்கலாம். பொருள் தெரிந்தும் அதை ஆங்கிலத்தில் எழுதிக்காட்ட வராமல் இருக்கலாம். காஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் வாசிப்புத் திறனை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை சுழியம். எழுதும் திறன் இந்தக் கணக்கிலேயே இல்லை. ஆனால் நம் தேர்வு மூன்றையும் ஒரே மதிப்பெண்ணாகச் சுருட்டிக் கொடுக்கிறது. பன்னிரண்டு மதிப்பெண் வாங்கியவனுக்கு எங்கே அடைப்பு என்று அந்தப் பன்னிரண்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

சத்தமாக வாசிக்கச் சொல்வது எல்லாரும் செய்வது. ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். ஜூன் மாதம் புது வகுப்பு கைக்கு வந்ததும் இதை ஒருமுறை செய்கிறேன். எழுத்துக் கூட்டவே தடுமாறும் பிள்ளைகள் யார் என்று சீக்கிரம் தெரிந்துவிடும். அதற்கு மேல் இதை நம்புவதில்லை. கடகடவென்று வாசித்துவிட்டு, என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் கிராமப்புறங்களில் நடத்தும் கல்வி ஆய்வு ஏசர். 14 முதல் 18 வயதினரிடம் எடுத்த ஏசர் 2023 ஆய்வில், ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக, வாசிக்க முடிந்தவர்களிலேயே வாய் வாசித்து மனம் வாசிக்காதவர்கள் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று புழங்கும் அட்டவணைகள் பலவும் அமெரிக்கப் பிள்ளைகளை அளந்து போட்டவை. அவற்றை நம் பிள்ளைகள் தலையில் வைக்க நியாயமே இல்லை.

அடுத்தது குளோஸ் டெஸ்ட். நான் அதிகம் பயன்படுத்திய கருவி இதுதான். வில்சன் டெய்லர் 1953இல் இதைக் கொண்டுவந்தபோது, ஒரு பத்தி வாசகருக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று அளக்கத்தான் கொண்டுவந்தார். பிள்ளைகளைச் சோதிக்கப் பின்னால் பயன்பட்டது. முறை எளியது. மாணவர்கள் பார்த்திராத சுமார் 250 சொற்கள் உள்ள ஒரு பத்தி. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் தொடக்கூடாது. இடையில் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் எடுத்துவிட்டுக் கோடு போட வேண்டும். மூலத்தில் இருந்த அதே சொல்லை எழுதினால்தான் மதிப்பெண் என்பது பழைய விதி. அப்படித் திருத்தி 57 சதவீதத்துக்கு மேல் வந்தால் அந்தப் பாடத்தைத் தானாகவே வாசிப்பான், 44க்கும் கீழே போனால் அது அவனுக்கு மிஞ்சியது என்று ஒரு கணக்கு உண்டு.

இந்தக் கணக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகளுக்குப் போட்டது. என் வகுப்பில் ஐந்தாவது சொல்லை எடுத்தால் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஏழாவது சொல்லை எடுக்கிறேன். பொருள் பொருந்தினால் எந்தச் சொல்லுக்கும் மதிப்பெண் தருகிறேன். எண் எனக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. தவறான விடைகளில்தான் விஷயம் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. “தி ஓல்ட் மேன் டுக் ஹிஸ் அம்ப்ரெல்லா பிகாஸ் இட் வாஸ் ______.” கிழவர் ஏன் குடையை எடுத்தார் என்பதுதான் கேட்கப்படுகிறது. ‘ரெய்னிங்’ என்று எழுதியவர்களை விட்டுவிடுவோம். ‘பிளாக்’ என்று எழுதிய பையனுக்குக் குடை தெரியும், அந்த இடத்தில் எந்த வகைச் சொல் வரும் என்பதும் தெரியும். ‘பிகாஸ்’ என்ற சொல் காரணம் கேட்கிறது என்பதுதான் அவனுக்கு எட்டவில்லை. ‘வென்ட்’ என்று எழுதியவனுக்கு வாக்கியமே பிடிபடவில்லை. இரண்டும் சுழியம்தான். ஆனால் இந்த இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே பயிற்சியைக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் பயன் இல்லை. முதலாமவனுக்குத் தேவை ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘அன்லெஸ்’ போன்ற இணைப்புச் சொற்கள். இரண்டாமவனுக்கு இன்னும் சின்ன வாக்கியங்கள் வேண்டும்.

குளோஸ் டெஸ்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஷானஹன் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் 1982இல் பத்தியின் வாக்கியங்களை முன்னும் பின்னும் மாற்றிக் கலைத்துப்போட்டுச் சோதித்தார்கள். மதிப்பெண் பெரிதாகக் குறையவில்லை. வாக்கியத்துக்குள் நடப்பதை இந்தச் சோதனை நன்றாகப் பார்க்கிறது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் என்ன உறவு என்பதை அது பார்ப்பதே இல்லை. அதனால் கூடவே இன்னொன்றும் செய்கிறேன். ஒரு சின்னப் பத்தியை வாக்கியம் வாக்கியமாக வெட்டி, துண்டுகளைக் கலைத்து, இருவர் இருவராகக் கொடுத்து அடுக்கச் சொல்கிறேன். தேர்விலும் வரிசைப்படுத்தும் கேள்வி வருகிறது. ஆனால் அது துணைப்பாடக் கதையிலிருந்து வருவதால் கைடில் உள்ள வரிசையை மனப்பாடம் செய்துவிட்டு வந்து எழுதுகிறார்கள். புதுப் பத்தியாக இருந்தால்தான் அது வாசிப்புச் சோதனை.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகச் சொல்லிக்கொடுத்த முறை. ஆங்கிலத்தில் வாசி, மூடிவை, என்ன இருந்தது என்று தமிழில் சொல்.

இதைச் சொன்னால் சக ஆசிரியர்களில் சிலருக்குக் கோபம் வரும். இங்கிலீஷ் பிரியடில் தமிழா என்பார்கள். நான் அறிய விரும்புவது அவனுக்கு வாசித்தது புரிந்ததா என்பதை. அதை அவனுக்கு நன்றாக வரும் மொழியில் கேட்டால்தானே உண்மை வெளியே வரும்? ஏசர் ஆய்விலும் ஆங்கில வாக்கியத்தை வாசித்த பிள்ளையிடம் பொருளை அவரவர் மொழியில்தான் கேட்கிறார்கள்.

ஒருமுறை கொடுத்த பத்தி இது. பஸ்ஸில் ஒரு பையனுக்கு ஒரு பர்ஸ் கிடைக்கிறது. வீட்டில் பணக் கஷ்டம். இருந்தும் அதைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறான். வாசித்து முடித்த மாணவன் ஒருவன் சொன்னது:

“ஒரு பையன் பஸ்ல பர்ஸ் அடிச்சிட்டான் சார். கண்டக்டர் கையும் களவுமா பிடிச்சிட்டாரு.”

“பிடிச்சாருன்னு எந்த வரியில இருக்குப்பா? காட்டு.”

யோசிக்காமல் விரலை வைத்தான். “ஹி ஹேண்டட் இட் டு தி கண்டக்டர்.” ‘ஹேண்ட்’ தெரியும், ‘கண்டக்டர்’ தெரியும். நடுவில் இருப்பதைத் தனக்குத் தெரிந்த ஒரு கதையால் நிரப்பிக்கொண்டான். இதே பத்தியில், பர்ஸை யாரிடம் கொடுத்தான் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த வரியை எடுத்து எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பான். நல்லவனைத் திருடனாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு நம் தேர்வு ‘வாசிப்பு நன்று’ என்று எழுதியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான பிள்ளைகளும் உண்டு. தேர்வில் இருபதைத் தாண்டாத ஒரு மாணவி இதே பத்தியைத் தமிழில் ஒன்றுவிடாமல் சொன்னாள். பையனின் அம்மா கடைசியில் ஏன் ஒன்றும் பேசவில்லை என்று கேட்டேன். பத்தியில் அதற்கு விடை கிடையாது. “அவங்களுக்கு சந்தோஷமாவும் இருந்திருக்கும், அந்தக் காசு இருந்தா நல்லாயிருக்குமேன்னும் இருந்திருக்கும் சார்” என்றாள். இந்தப் பெண்ணுக்கு வாசிப்பில் எந்தக் குறையும் இல்லை. அவளுக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி. அவள் பெயர் மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளைத் தயவுசெய்து ஒருமுறை தமிழில் பேசவைத்துப் பாருங்கள்.

சொல்லக் கேட்கும்போது நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்வேன்: முக்கியமான செய்தி வந்ததா, நடந்த வரிசை சரியா, ஏன் நடந்தது என்ற காரணம் வந்ததா, எழுத்தில் இல்லாத ஒன்றை ஊகிக்க முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் அல்லது ஒரு கோடு. பத்தியில் இல்லாததைச் சேர்த்துச் சொன்னால் அதைத் தனியாக எழுதிவைப்பேன். பர்ஸ் கதை போன்றவை அந்தக் குறிப்புகளில்தான் சிக்குகின்றன.

கேள்வி பதில் முறையை ஒதுக்கிவிட முடியாது, பத்தாம் வகுப்பில் அதைத்தான் எழுதப்போகிறார்கள். கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் பீசா என்ற தேர்வின் 2009 நீட்டிப்புச் சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. தமிழ்நாட்டில் வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டிய 15 வயதுப் பிள்ளைகள் 17 சதவீதம் என்று முடிவு வந்தது. அந்தத் தேர்வில் தகவலைத் தேடி எடுப்பது ஒரு பங்குதான். வெவ்வேறு இடத்தில் உள்ளதைச் சேர்த்துப் பொருள் காண்பது, வாசித்ததை எடைபோட்டுப் பார்ப்பது என்று மேலும் இரண்டு உண்டு. பத்தி மட்டும் அல்ல, அட்டவணை, விளம்பரம், படிவம் எல்லாம் வரும். நம் வகுப்பறைக் கேள்விகள் முதல் பங்கிலேயே நின்றுவிடுகின்றன.

எனக்கு நன்றாகக் கைகொடுத்தது, வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஏசர் ஆய்விலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த பாக்கெட்டின் பின்பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று இருக்கும். எத்தனை லிட்டர் என்று கேட்கமாட்டேன். ‘அம்மா நேற்றுக் காலை எட்டு மணிக்குக் கரைத்து வைத்தார். இன்று காலை பத்து மணிக்குத் தம்பி கேட்கிறான். கொடுக்கலாமா?’ என்று கேட்பேன். எடுத்து எழுத வரியே கிடையாது. வாசித்து, கணக்குப் போட்டு, முடிவு சொல்ல வேண்டும். சிறிய பாக்கெட்டுகளில் தண்ணீர் அளவு வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால் அடுத்த கேள்வி தயார்.

பத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பரிசோதனை அவசியம். பத்தியைக் கொடுக்காமல் கேள்விகளை மட்டும் நன்றாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ‘மரம் ஏன் நட வேண்டும்’ வகைப் பத்தியென்றால் எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிடும். அந்தப் பத்தியால் பயன் இல்லை. தலைகீழாகவும் நடக்கும். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்க மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களானாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கும் ஆட்டம் தெரியாதவர்களை முந்திவிட்டார்கள். பனி கொட்டும் ஊரின் கதையைக் கொடுத்துவிட்டு நம் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்று முடிவு கட்டுவது தப்பு. கபடியும் கொடுக்க வேண்டும், பனியும் கொடுக்க வேண்டும். மூன்று நான்கு வகைப் பத்திகளைப் பார்த்த பிறகே ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும்.

நேரம்தான் கடினம். தமிழில் சொல்லக் கேட்பதற்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு நாளுக்கு நான்கு பேரை மேசைக்குக் கூப்பிட்டால் இரண்டு வாரத்தில் வகுப்பு முடியும். பருவமழை விடுமுறையும் தேர்வுப் பணியும் வந்தால் இழுக்கும். பெரிய வகுப்பாக இருந்தால் முதலில் எல்லாருக்கும் குளோஸ் டெஸ்ட் வைத்து, விடைத்தாளில் புதிராகத் தெரியும் பிள்ளைகளையும் மெல்லக் கற்போர் பட்டியலில் உள்ளவர்களையும் மட்டும் கூப்பிடுங்கள். சொல்லும்போது சுற்றி யாரும் நிற்கக் கூடாது. பக்கத்தில் ஒருவன் இருந்தால் அவன் முந்திக்கொண்டு சொல்லிவிடுவான்.

இன்னமும் எனக்குச் சரியாகப் பிடிபடாதது கவிதை. கவிதையைத் தமிழில் சொல்லச் சொன்னால் பொருளுரை மாதிரி வரிக்கு வரி ஒப்பிக்கிறார்கள். எது புரிந்தது, எது கைடிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியவில்லை. பாடத்தில் இல்லாத எட்டு வரிக் கவிதை ஒன்றைக் கொடுத்து, இதில் பேசுகிறவர் கோபமாக இருக்கிறாரா, வருத்தமாக இருக்கிறாரா, எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டுப்பார்க்கிறேன். சொல்லைத் தொட்டுக்காட்டும் பிள்ளைகள் இப்போதைக்குக் குறைவுதான். கவிதைக்கு இதைவிட நல்ல வழி வைத்திருக்கும் ஆசிரியர்கள் எழுதினால் அடுத்த பருவத்திலேயே என் வகுப்பில் செய்துபார்க்கத் தயாராக இருக்கிறேன்.