எடின்பரோவில் நடக்க ஆர்கானிக் மேப்ஸ் செயலி

படிக்கப் போன ஊரில் டேட்டா தீர்ந்தாலும் வழி சொல்லும், இலவசம், விளம்பரமில்லை. வரைபடத்தை வைஃபையில் முன்பே இறக்கிவிடுங்கள். நடைவழி கேட்டால் ஏற்ற இறக்கக் கோடும் காட்டும். மேடுபள்ளமான எடின்பரோவில் தூரத்தைவிட அதுதான் முக்கியம்.

சிக்கல் பழைய நகரில். ஜார்ஜ் IV பாலமும் சவுத் பாலமும் கௌகேட் தெருவுக்கு மேலே போகின்றன. திரையில் வெறும் நாற்சந்தி போலத் தெரியும். நீலப்புள்ளி சரியாகவே நிற்கும், தேடும் கடையோ தலைக்கு மேலே இருக்கும்! குத்ரி தெரு வழியாக ஏறினால் சேம்பர்ஸ் தெரு, ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியக வாசல்.

பழைய நகரின் முக்கியத் தெருவான ராயல் மைலின் ஒடுங்கிய சந்துகளில் ஜிபிஎஸ் தடுமாறும். சுவரிலுள்ள சந்துப் பெயரை நம்புங்கள். மழையில் அந்தக் கல்படிகள் வழுக்கும். பஸ் நேரத்துக்கு வேறு செயலிதான்.