பேசும் குழுவா, எழுதிப் பேசும் குழுவா? இணையவழிப் புனைவு வாசிப்பில் இரு வழிகள்

இணையவழியே கூடிப் புனைவு வாசிக்கும் குழுவைத் தொடங்க நினைப்பவர்கள் எந்த நூல், எந்தச் செயலி, மாதத்தில் எந்த நாள் என்பவற்றைப் பற்றியே முதலில் யோசிக்கிறார்கள். அவற்றுக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நூலைப் படித்துவிட்டு வந்து பேசினால் போதுமா, அல்லது அந்நூலுக்கு மறுமொழியாக ஒவ்வொருவரும் சில வரிகளேனும் புனைந்து எழுதி, அவற்றையும் முன்வைத்துப் பேச வேண்டுமா? முதலாவதைப் பேசும் குழு என்றும், இரண்டாவதை எழுதிப் பேசும் குழு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இரு வகைக் குழுக்களிலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் என் சாய்வு இரண்டாவதன் பக்கம்தான். ஆனால் எழுத்து உரையாடலுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதைப் பொறுத்தே அந்தச் சாய்வு நிற்கும்.

பேசும் குழுவின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் சேர்வதற்குத் தயக்கம் தேவையில்லை; படித்திருந்தால் போதும். ஒழுங்காக நடத்தினால் அது கூர்மையான வாசிப்பாகவும் அமையும். 1947-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கிரேட் புக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வளர்த்தெடுத்த உரையாடல் முறை இதற்குச் சான்று. நெறியாளர் தமக்கே முடிந்த முடிவாக விடை தெரியாத கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும், பேசுபவர் தம் கருத்துக்கு நூலிலிருந்தே ஆதாரம் காட்ட வேண்டும், படிக்காமல் வந்தவர் கேட்டுக்கொண்டிருக்கலாமே தவிர வாதத்தில் இறங்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். இணையச் சந்திப்புக்கும் இவை அப்படியே பொருந்துகின்றன.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. காணொளிச் சந்திப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நேரில் கூடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்லிப் பார்க்கும் வசதியோ, முகக்குறிப்பால் மறுப்புத் தெரிவிக்கும் வசதியோ அங்கே இல்லை. எனவே முதலில் ஒலிவாங்கியைத் திறந்தவர் சொன்ன கருத்தே அன்றைய உரையாடலின் அச்சாகிவிடுகிறது. நாயகன் கோழை என்று அவர் தொடங்கிவிட்டால், அடுத்த ஒரு மணி நேரமும் அவன் கோழையா இல்லையா என்ற வழக்காடலாகவே கழியும். அந்தக் கேள்வி மனத்தில் எழவே எழாமல் நூலை வேறு விதமாகப் படித்து வந்தவர், தம் வாசிப்பைச் சொல்ல இடமின்றி, எழுந்த வாதத்தில் ஒரு பக்கம் சேர்ந்துகொள்வார். வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவற்றில் எழுத்தாகவே நடக்கும் உரையாடலில் யோசித்துச் சொல்ல அவகாசம் கிடைக்கிறது என்பது உண்மை. அங்கேயும் கடைசியாக வந்த செய்திக்குத்தான் மறுமொழி விழும். காலையில் ஒருவர் எழுதிய நல்ல அவதானம் மாலைக்குள் மேலே போய் மறைந்துவிடும்.

எழுதிப் பேசும் குழு இந்தக் குறையைத் தீர்க்க முடியும். பிறர் கருத்தைக் கேட்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் தம் வாசிப்பைத் தாளில் பதிந்துவிடுவதால், அதை விட்டு நழுவுவது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட், இலக்கியத்தின் பொருள் நூலில் மட்டுமோ வாசகரிடம் மட்டுமோ இல்லை, இரண்டும் சந்திக்கும் நிகழ்வில்தான் உருவாகிறது என்று 1938-லேயே வாதிட்டவர். பிற்பாடு 1978-இல், தகவலை எடுத்துக்கொண்டு போவதற்கான வாசிப்பையும், வாசிக்கும் கணத்தையே வாழ்ந்து பார்க்கும் வாசிப்பையும் பிரித்துக் காட்டினார். என் அனுபவத்தில், பேசும் குழு நம்மை அறியாமலே முதல் வகைக்கு இழுத்துச் செல்கிறது. பேசுவதற்குக் கருத்து வேண்டும் என்பதற்காகவே கருத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

எதை எழுதுவது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் தவறுகின்றன. முடிவை மாற்றி எழுதுங்கள் என்பது மிக எளிதாகத் தோன்றும் பயிற்சி; எனக்குத் தெரிந்தவற்றுள் மிகவும் பயனற்றதும் அதுவே. அது வாசகரை ஆசிரியரின் பிழை திருத்துபவராக்கிவிடுகிறது. இறந்தவர் பிழைக்கிறார், பிரிந்தவர் சேர்கிறார், நூல் ஏன் அப்படி முடிந்தது என்ற கேள்வி காணாமல் போகிறது.

இதற்கு மாறாக, நம் அகப்பாடல் மரபில் உள்ள கூற்று என்ற ஏற்பாடு மிக நன்றாகப் பயன்படுகிறது. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று ஒவ்வொரு பாடலும் இன்னார் இன்ன சூழலில் சொன்னது என வகுக்கப்பட்டிருக்கிறது. குறுந்தொகை 4 முதல் 8 அடி வரை என்ற அளவைக் கொண்டு தொகுக்கப்பட்டது. அந்த அளவையே உரைநடைக்கும் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். நாவலின் ஒரு காட்சியை, அதில் அதிகம் பேசாத ஒருவரின் கூற்றாக எட்டு வரிக்குள் எழுத வேண்டும். அண்ணனும் தம்பியும் சொத்துக்காகச் சண்டையிடும் காட்சியை, அடுத்த அறையில் நிற்கும் மூத்தவரின் மனைவி சொல்வதாக எழுத முயன்று பாருங்கள். அவர் எப்போது அந்த அறைக்கு வந்தார், கதவு திறந்திருந்ததா, முதல் பாதியைக் கேட்டிருப்பாரா, கணவனின் கடன் அவருக்கு முன்பே தெரியுமா என்ற கேள்விகளுக்கு விடை தேடிப் பக்கங்களைப் புரட்டியே ஆக வேண்டும். கற்பனைப் பயிற்சி என்று தொடங்கியது, மிகக் கறாரான நூல் ஆய்வாக மாறிவிடும். புனைவுக்குப் புனைவாலேயே மறுமொழி சொல்வது நமக்குப் புதிதும் அன்று. அகலிகை கதையைப் புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்தில் மறுபடி எழுதி, சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகையை மீண்டும் கல்லாக்கியபோது, அது எந்தத் திறனாய்வுக் கட்டுரைக்கும் குறையாத வாதமாகவே அமைந்தது.

எழுதிப் பேசும் குழுவுக்கு உரிய ஆபத்துகளும் உண்டு. எழுத வராது என்று அஞ்சுபவர்கள் மெல்ல விலகுவார்கள். அவர்களில் சிலர் குழுவிலேயே மிக நுட்பமான வாசகர்களாக இருப்பார்கள். நான் இருந்த ஒரு குழுவில் இப்படித்தான் நடந்தது: எழுதியவற்றை வாசித்து முடித்ததும் அருமை, அற்புதம் என்ற சொற்களும் கைகூப்பும் பொம்மைகளும் திரையை நிறைத்தன, சில மாதங்களில் நூலைப் பற்றிய பேச்சே அருகிப்போய், அது ஒருவரையொருவர் பாராட்டும் சபையாகிவிட்டது. எழுத்துப் பட்டறைக்கும் வாசிப்புக் குழுவுக்கும் உள்ள எல்லை அங்கேதான் அழிகிறது. பட்டறையில் எழுதப்பட்டது நன்றாக இருக்கிறதா என்று கேட்கலாம். வாசிப்புக் குழுவில் நூலின் எந்த இடம் இதை எழுத வைத்தது என்பதை மட்டுமே கேட்க வேண்டும். பக்க எண்ணைச் சொல்ல வேண்டும் என்ற ஒரே விதி, புகழ்ச்சியில் பாதியை நிறுத்திவிடும்.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஜூமின் இலவசச் சந்திப்பு 40 நிமிடத்திலும், கூகுள் மீட்டின் இலவசக் குழுச் சந்திப்பு 60 நிமிடத்திலும் முடிந்துவிடுகின்றன. 10 பேர் ஆளுக்கு 2 நிமிடம் வாசித்தாலே 20 நிமிடம் போய்விடும். முதலாவதில் பேச்சுக்கு மீதி 20 நிமிடம், இரண்டாவதில் 40 நிமிடம். பேசும் குழுவுக்கு இந்த நெருக்கடி இல்லை. எனவே எழுதியவற்றைச் சந்திப்புக்கு ஒரு நாள் முன்பே ஒரே நேரத்தில் பகிர்ந்துகொண்டு, சந்திப்பில் இரண்டோ மூன்றோ மட்டும் வாசிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரே நேரத்தில் என்பது முக்கியம். முந்தி வந்ததைப் படித்துவிட்டு எழுதினால், பேசும் குழுவில் முதலில் பேசியவருக்குக் கிடைத்த அதே ஆதிக்கம் இங்கே முதலில் எழுதியவருக்குக் கிடைத்துவிடும்.

நூலைப் பொறுத்தும் தேர்வு மாறும். பல தலைமுறைகளைச் சொல்லும் பெருநாவலில் யார் யாருக்கு என்ன உறவு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளவே உரையாடல் தேவைப்படுகிறது; அங்கே பேசும் குழுதான் பொருத்தம். சிறுகதைக்கும் குறுநாவலுக்கும், சொல்லாமல் விட்டது நிறைய உள்ள எந்தப் படைப்புக்கும், எழுதிப் பேசுவதே மேல்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் இரண்டு நூல்களைப் பேசி மட்டும் முடித்துவிட்டு, மூன்றாவதாக ஒரு சிறுகதையை எடுத்து, எட்டு வரிக் கூற்றை அங்கே தொடங்கலாம். எழுத விரும்பாதவர், தம்மை நிறுத்திய ஒரு வரியை நூலிலிருந்து அப்படியே படியெடுத்து அனுப்பினால் போதும் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.