அன்பவுண்ட்: ஆபீஸுக்குள் மட்டும் திறக்காத வெப்சைட்டுக்கு நல்ல மருந்து

மொபைல் டேட்டாவில் ஷாப்.கம்பெனி.காம் உடனே திறக்கும். ஆபீஸ் வைஃபையில் திறக்காது. பலரும் ஹோஸ்டிங்காரரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கோளாறு பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். ஈஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்) சர்வருக்காக, பெயரைக் கேட்டால் ஐபி முகவரி சொல்லும் உள் டிஎன்எஸ் சர்வரில் கம்பெனி.காம் என்று ஒரு ஸோன், அதாவது பெயர்ப் பட்டியல், போட்டிருப்பார்கள். அந்தப் பெயருக்குக் கீழே இருப்பதெல்லாம் தன் பொறுப்பு என்று டிஎன்எஸ் சர்வர் எடுத்துக்கொள்ளும். பட்டியலில் ஷாப் இல்லையென்றால் வெளியே விசாரிக்காது, அப்படி ஒரு பெயரே கிடையாது என்று சொல்லிவிடும்.

டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் டிக் கமாண்டில் கேட்டால் இது கண்ணுக்கே தெரியும்: ஸ்டேட்டஸ் என்எக்ஸ்டொமைன் (அந்தப் பெயர் இல்லை), ஃபிளாக்ஸ் வரிசையில் 'ஏஏ' (பொறுப்புள்ள சர்வரின் பதில்). அந்த ஏஏ இருந்தால் பதில் சொன்னது உங்கள் சர்வரேதான்.

நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் தரும் இலவச ரிசால்வரான (பெயருக்கு ஐபி தேடித் தரும் மென்பொருள்) அன்பவுண்டை இந்த வேலைக்குத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால்களில் கூடவே வருகிறது. ஹோஸ்ட் ஓவர்ரைடு பக்கத்தில் ஈஆர்பியின் பெயரையும் ஐபியையும் நிரப்பினால் போதும். தனியாக நிறுவினால் இரண்டே வரி: லோக்கல்-ஸோனில் கம்பெனி.காம், வகை டிரான்ஸ்பரன்ட், லோக்கல்-டேட்டாவில் ஈஆர்பி.கம்பெனி.காம், ஏ ரெக்கார்டு (ஐபிவி4 முகவரி) 192.168.10.20. ஈஆர்பிக்கு உள்ளிருந்தே பதில் வரும். ஷாப், மெயில் எல்லாம் வழக்கம்போல் வெளியே போய்க் கேட்கும். ஹோஸ்டிங்காரர் நாளை ஐபியை மாற்றினாலும் இங்கே எதையும் தொட வேண்டாம். இதற்காகவே இதை மெச்ச வேண்டும்.

வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் தேவை. ஸ்டாட்டிக் போட்டால் பழைய கோளாறு அப்படியே திரும்பும். ரீடைரக்ட் போட்டால் ஷாப் உட்பட எல்லாப் பெயரும் ஒரே ஐபிக்குப் போய்விடும். டைப்டிரான்ஸ்பரன்டில் இன்னொரு பொறி: உள்ளே நீங்கள் கொடுத்தது ஏ ரெக்கார்டு மட்டும் என்றால், அதே பெயருக்கு வெளியே நாலு-ஏ ரெக்கார்டு (ஐபிவி6 முகவரி) இருந்தால் அது வெளியிலிருந்து வரும், ஐபிவி6 உள்ள கணினிகள் அந்த வழியே வெளி சர்வருக்குப் போகும். ஒரு கணினியில் திறக்கிறது, பக்கத்துக் கணினியில் இல்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மாற்றியதும் அன்பவுண்ட்-செக்கான்ஃப் ஓட்டிப் பிழை பார்த்து, பிறகு அன்பவுண்ட்-கன்ட்ரோல் ரீலோடு. விண்டோஸ் கணினிகளில் ஐபிகான்ஃபிக் ஃபிளஷ்டிஎன்எஸ்ஸும் கொடுக்க வேண்டும், இல்லையேல் பழைய பதிலே நிற்கும். அப்போதும் ஈஆர்பி திறக்காவிட்டால் பிரௌசரின் செக்யூர் டிஎன்எஸ்ஸை அணைத்துப் பாருங்கள். அது உங்கள் சர்வரைக் கேட்காமலே வெளியே போய்விடுகிறது.

ஆக்டிவ் டைரக்டரி (ஆபீஸ் பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) டொமைனே கம்பெனி.காம் என்று இருந்து, எல்லாக் கணினிகளும் அதை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரை டிஎன்எஸ்ஸாக வைத்திருந்தால், அன்பவுண்ட் நிறுவியும் பயனில்லை. கேள்வி அன்பவுண்டிடம் வரவே வராது. அங்கே ஷாப் என்ற பெயரை மட்டும் வெளி நேம்சர்வர்களுக்கு டெலிகேட் செய்வது (பதில் சொல்லும் பொறுப்பை ஒப்படைப்பது), கையால் ஏ ரெக்கார்டு போடுவதைவிட நல்லது. முன்னால் எதுவும் இல்லாத வெறும் கம்பெனி.காமை மட்டும் தொடாதீர்கள். கன்ட்ரோலர்கள் தங்கள் ஐபியைத்தான் அதில் பதிகின்றன, அழித்தாலும் மறுபடி எழுதிவிடும். வெப்சைட் அந்த வெறும் பெயருக்குத் திருப்பி அனுப்பாதபடி ஹோஸ்டிங் பக்கத்தில் மாற்றுவதே வழி.